கிண்டர் ஸ்கௌட் கூட்டு அத்துமீறல்

கிண்டர் ஸ்கௌட் கூட்டு அத்துமீறல் என்பது 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் உள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் சில நூறு நடைப்பயணிகள் நில உரிமையாளர்களின் தடையை மீறி ஒன்றாக ஏறிய நிகழ்வாகும். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் முதலிய தொழில் நகரங்களைச் சேர்ந்த இளம் தொழிலாளர்களே இவர்களுள் பெரும்பான்மையினர். இந்நிகழ்வுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் நடைபெற்ற ஒரு விடுமுறைக்கால முகாமின்போது நடைப்பயணிகள் திருப்பி அனுப்பப்பட்டமையே இதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது. இதன் தொடர்பில் ஐந்து இளைஞர்கள் 2 முதல் 6 மாதங்கள் வரையான சிறைத் தண்டனை பெற்றனர். பிரிட்டனில் திறந்த நாட்டுப்புற நிலங்களில் பொதுமக்கள் நடந்து செல்லும் உரிமைக்கான இயக்கத்தின் வரலாற்றில் இது ஒரு முதன்மையான நிகழ்வாகக் கருதப்படுகிறது.

இடம்

கிண்டர் ஸ்கௌட் என்பது வட இங்கிலாந்தில் உள்ள பீக் மாவட்டத்தின் மிக உயரமான பகுதியாகும். இதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 636 மீட்டர். இது கூர்மையான சிகரம் கொண்ட மலை அன்று. உச்சியில் பரந்து கிடக்கும் மேட்டுச் சமவெளியாகும். பீட் எனப்படும் கருநிறக் கரிமண்ணும், ஹெதர் என்னும் குறும்புதர்களும், காற்றால் அரிக்கப்பட்ட மணற்கற் பாறைகளும் இதன் மேற்பரப்பில் காணப்படுகின்றன. கிண்டர் ஆறு சமவெளியின் மேற்கு விளிம்பிலிருந்து கிண்டர் டவுன்ஃபால் என்னும் அருவியாக விழுகிறது. மேற்கு அடிவாரத்தில் ஹேஃபீல்ட் என்னும் சிற்றூரும் தெற்கு அடிவாரத்தில் ஈடேல் என்னும் சிற்றூரும் அமைந்துள்ளன.

மேற்கே மான்செஸ்டருக்கும் கிழக்கே ஷெஃபீல்டுக்கும் இடையில் இம்மேட்டுநிலம் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. புகைபோக்கிகள் நிறைந்த இவ்விரு நகரங்களிலிருந்தும் மலிவான தொடர்வண்டிக் கட்டணத்தில் ஒரு நாளிலேயே சென்று திரும்பக்கூடிய திறந்த வெளியாக இது இருந்தது.

பின்னணி

நிலம் மூடப்பட்டமை

18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொது மேய்ச்சல் நிலங்கள் பல, நில அடைப்புச் சட்டங்களின் மூலம் தனியார் உடைமையாயின. பீக் மாவட்டத்தின் மேட்டுநிலங்களும் இவ்வாறே பெருநிலக்கிழார்களிடம் சேர்ந்தன. இவர்கள் அந்நிலங்களைக் கிரௌஸ் என்னும் காட்டுக்கோழி இனப் பறவைகளை வேட்டையாடும் களமாகப் பேணினர். கிரௌஸ் வேட்டைப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12 ஆம் நாள் தொடங்குவது. ஆண்டில் சில நாட்களே நடைபெறும் வேட்டைக்காக, பறவைகளின் அமைதி குலையக்கூடாது என்று கூறி, ஆண்டு முழுவதும் மக்கள் உள்ளே வராதபடி வேட்டைக்காவலர்கள் நிறுத்தப்பட்டனர். நகரங்களுக்குக் குடிநீர் வழங்கும் நீர்த்தேக்கங்களின் தூய்மையைக் காப்பதும் தடைக்கான மற்றொரு காரணமாகக் கூறப்பட்டது.

இத்தடைக்கு எதிரான முயற்சிகள் 1932 க்கு முன்னரே தொடங்கியிருந்தன. ஹேஃபீல்ட், கிண்டர் ஸ்கௌட் பகுதிகளின் பழைய நடைபாதைகளைக் காப்பதற்கென 1876 இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. 1884 இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் பிரைஸ், மலைகளுக்குள் மக்கள் செல்ல உரிமை வழங்கும் சட்ட முன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அதன் பின்னர் பல முறை கொண்டுவரப்பட்ட இத்தகைய முன்வரைவுகளும் தோல்வியடைந்தன. ஹேஃபீல்டிலிருந்து வில்லியம் கிளஃப் பள்ளத்தாக்கின் வழியாகச் செல்லும் ஸ்னேக் பாதை, நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின்னர் 1897 இல் பொதுப் பாதையாகத் திறக்கப்பட்டது. எனினும் பாதையை விட்டு விலகி மேட்டுநிலத்தில் கால் வைப்பது தடையாகவே இருந்தது.

வார இறுதி நடையும் முகாம்களும்

சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் ஞாயிறு முழுநாள் விடுமுறையும் ஆலைத் தொழிலாளர்களிடையே பரவியதைத் தொடர்ந்து, வார இறுதியில் கூட்டமாக நாட்டுப்புறம் செல்லும் வழக்கம் வளர்ந்தது. 1900 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜி. எச். பி. வார்ட், கிளாரியன் என்னும் சமவுடைமை இதழில் அழைப்பு விடுத்து, கிண்டர் ஸ்கௌட்டைச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணத்தை நடத்தினார். இதில் 14 பேர் கலந்துகொண்டனர். இதிலிருந்து தோன்றிய ஷெஃபீல்ட் கிளாரியன் நடைப்பயணிகள் சங்கம், தொழிலாளர்களின் தொடக்ககால நடைப்பயணச் சங்கங்களுள் ஒன்றாகும்.

கூடாரமிட்டுத் தங்குவதும் இக்காலத்திலேயே பொதுமக்களின் பொழுதுபோக்காக மாறியது. தையற் கலைஞரான தாமஸ் ஹிரம் ஹோல்டிங் 1901 இல் மிதிவண்டி முகாமாளர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். மிதிவண்டியில் கொண்டு செல்லக்கூடிய எடை குறைந்த கூடாரங்களையும் அவர் வடிவமைத்தார். 1930 இல் இங்கிலாந்தில் இளைஞர் விடுதிச் சங்கம் நிறுவப்பட்டது. விடுதிக்குச் செலவிட இயலாதவர்கள் உழவர்களின் அனுமதியுடன் வயல்களில் கூடாரம் அமைத்துத் தங்கினர்.

1932 இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் விளைவாகப் பிரிட்டனில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். வட இங்கிலாந்தின் நெசவு நகரங்களில் இந்நிலை மேலும் கடுமையாக இருந்தது. பெரும் செலவில்லாமல் நகரத்தின் புகையிலிருந்தும் நெருக்கடியிலிருந்தும் விலகியிருக்க வழியாக இருந்தவை நடையும் முகாமுமே. ஆகவே மேட்டுநிலங்களில் நுழைவது பற்றிய கேள்வி அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

ரோவார்த் முகாம்

பிரிட்டானியத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு என்பது பொதுவுடைமைக் கட்சியுடன் தொடர்புடைய ஓர் அமைப்பாகும். இதன் லங்காஷயர் கிளையின் செயலாளராக இருந்தவர் பென்னி ரோத்மன். 1911 இல் பிறந்த இவர், ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மான்செஸ்டரில் மோட்டார் வண்டிப் பட்டறையில் பணிபுரிந்தவர். மிதிவண்டிப் பயணத்திலும் மலை நடையிலும் ஈடுபாடு கொண்டவர்.

இவ்வமைப்பு 1932 ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் ஹேஃபீல்டுக்கு அருகிலுள்ள ரோவார்த் என்னும் ஊரில் ஒரு முகாமை நடத்தியது. முகாமில் தங்கியிருந்தோருள் ஒரு சிறு குழுவினர் அருகிலுள்ள பிளீக்லோ மேட்டுநிலத்துக்கு நடைப்பயணம் சென்றனர். வழியில் வேட்டைக்காவலர்கள் அவர்களை மிரட்டித் திருப்பி அனுப்பினர். குழுவில் சிலரே இருந்தமையால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

அன்று முகாமுக்குத் திரும்பியபின் நடந்த உரையாடலிலேயே கூட்டு அத்துமீறல் என்னும் எண்ணம் உருவானதாக ரோத்மன் பின்னாளில் பதிவு செய்துள்ளார். சிலராகச் சென்றால் திருப்பி அனுப்பலாம். பலராகச் சென்றால் அது காவலர்களால் இயலாது என்பதே அவர்களின் எளிய முடிவாகும். பிளீக்லோவுக்குப் பதிலாக, பலரும் அறிந்ததும் எளிதில் சென்றடையக்கூடியதுமான கிண்டர் ஸ்கௌட் தெரிவு செய்யப்பட்டது.

நிகழ்வு

திட்டம் மறைவாக வைக்கப்படவில்லை. துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன, செய்தித்தாள்களுக்கும் தகவல் தரப்பட்டது. விளம்பரப் பணியில் ஈடுபட்டவர்களுள் அப்போது 17 வயதினரான ஜிம்மி மில்லரும் ஒருவர். இவரே பின்னாளில் ஈவன் மெக்கால் என்னும் பெயரில் புகழ்பெற்ற நாட்டார் பாடகர் ஆவார்.

இதனால் காவல்துறையினரும் முன்கூட்டியே ஆயத்தமாயினர். மான்செஸ்டர் தொடர்வண்டி நிலையத்தில் ரோத்மனைத் தடுத்து நிறுத்த அவர்கள் காத்திருந்தனர். ஆனால் அவர் நண்பர் ஒருவருடன் மிதிவண்டியில் ஹேஃபீல்டைச் சென்றடைந்தார். ஹேஃபீல்ட் விளையாட்டுத் திடலில் கூட்டம் நடத்த உள்ளூர் விதிகள் தடையாக இருந்ததால், கூடியிருந்தோர் ஊருக்கு வெளியே உள்ள பௌடன் பிரிட்ஜ் கற்சுரங்கத்துக்குச் சென்றனர். அங்கு ரோத்மன் பாறைத் திட்டொன்றின்மேல் ஏறி உரையாற்றினார். ஒழுங்குடன் நடந்துகொள்ளுமாறு அவர் கேட்டுக்கொண்டார்.

பங்கேற்றோர் தொகை பற்றிப் பல்வேறு மதிப்பீடுகள் உள்ளன. சுமார் 400 பேர் என்பது பரவலாகக் கூறப்படுவது; இதனினும் மிகுதியான எண்ணிக்கையைக் கூறுவோரும் உள்ளனர்.

கூட்டத்தினர் கிண்டர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, வில்லியம் கிளஃப் பள்ளத்தாக்கின் வழியாகப் பொதுப் பாதையில் நடந்தனர். பின்னர் ஊதல் ஒலி எழுப்பப்பட்டதும் பாதையை விட்டு விலகிச் செங்குத்தான சரிவில் ஏறத் தொடங்கினர். சரிவின் மேற்பகுதியில் 20 முதல் 30 வரையான வேட்டைக்காவலர்கள் தடிகளுடன் நின்றிருந்தனர். இரு தரப்பினருக்கும் இடையில் சில இடங்களில் கைகலப்பு ஏற்பட்டது. இதில் காவலர் ஒருவர் காயமடைந்தார். நடைப்பயணிகளின் எண்ணிக்கை மிகுதியாக இருந்தமையால் காவலர்களால் அவர்களைத் தடுக்க இயலவில்லை.

மேலேறியவர்கள் ஆஷொப் ஹெட் என்னும் இடத்தில், ஷெஃபீல்டிலிருந்து ஈடேல் வழியாக வந்த மற்றொரு குழுவினரைச் சந்தித்தனர். அங்கு சிறு கூட்டம் ஒன்றை நடத்திவிட்டு இரு குழுவினரும் வந்த வழியே திரும்பினர். பெரும்பாலானோர் கிண்டர் ஸ்கௌட்டின் உச்சியை அடையவில்லை. உண்மையில் தடை செய்யப்பட்ட நிலத்தில் அவர்கள் நடந்த தொலைவு குறைவானதே.

கைதும் விசாரணையும்

கூட்டத்தினர் ஹேஃபீல்டுக்குத் திரும்பியபோது, காவல்துறையினர் வேட்டைக்காவலர்களின் துணையுடன் சிலரை அடையாளம் கண்டு கைது செய்தனர். மொத்தம் ஆறு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு பேரும் இளைஞர்கள். இவர்களுள் ரோத்மனுக்கு வயது 20.

அக்கால இங்கிலாந்துச் சட்டப்படி, பிறர் நிலத்தில் நுழைவது மட்டுமே குற்றவியல் குற்றம் ஆகாது. அது நில உரிமையாளர் இழப்பீடு கோரக்கூடிய உரிமையியல் தவறு மட்டுமே ஆகும். அத்துமீறுவோர் மீது குற்றவழக்குத் தொடரப்படும் என்று மேட்டுநிலங்களில் நடப்பட்டிருந்த அறிவிப்புகள் இதனாலேயே மரப்பலகைப் பொய்கள் என்று கேலி செய்யப்பட்டன. ஆகவே கைதானோர் மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்படவில்லை. சட்டவிரோதமாகக் கூடிக் கலகம் விளைத்தல், அதற்குத் தூண்டுதல், தாக்குதல் ஆகிய குற்றச்சாட்டுகளே சுமத்தப்பட்டன.

வழக்கு 1932 சூலையில், நிகழ்விடத்திலிருந்து தொலைவில் உள்ள டார்பி நகர நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. வழக்கை ஏற்பதா என முடிவு செய்த பெரும் ஜூரிக் குழுவில் 2 பிரிகேடியர் ஜெனரல்கள், 3 கர்னல்கள், 2 மேஜர்கள், 3 கேப்டன்கள், 2 நகரமன்ற மூத்தோர், 11 நாட்டுப்புறக் கனவான்கள் ஆகியோர் இடம்பெற்றனர். ஆலைத் தொழிலாளரோ நடைப்பயணச் சங்கத்தவரோ அக்குழுவில் இல்லை. ரோத்மன் தமக்காகத் தாமே வாதாடினார். வாரம் முழுவதும் நகரங்களில் உழைக்கும் மக்களுக்கு மேட்டுநிலங்களின் தேவை பற்றி அவர் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

ஆறு பேருள் ஹாரி மெண்டல் போதிய சான்றுகள் இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். ஏனையோர் பெற்ற தண்டனைகள் வருமாறு:

ஜான் ஆண்டர்சன் – 6 மாதங்கள் (காவலரைத் தாக்கிக் காயப்படுத்தியமை)
பென்னி ரோத்மன் – 4 மாதங்கள்
டேவிட் நுஸ்பாம் – 3 மாதங்கள்
ஜட் கிளைன் – 2 மாதங்கள்
டோனா கில்லெட் – 2 மாதங்கள்

உடனடி விளைவுகள்

அக்காலத்திய நடைப்பயணச் சங்கங்களின் கூட்டமைப்புகள் அத்துமீறலை ஆதரிக்கவில்லை. நில உரிமையாளர்களுடன் நடத்திவரும் பேச்சுவார்த்தைகளும் நாடாளுமன்ற முயற்சிகளும் இதனால் பாதிக்கப்படும் என்று அவற்றின் தலைவர்கள் கருதினர். பல ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்தவர்கள் என்ற முறையில் அவர்களின் கவலை பொருளற்றதன்று.

எனினும் தண்டனைகளின் கடுமை பொதுமக்களின் மனநிலையை மாற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைக்காக இளைஞர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டமை, அத்துமீறலை ஏற்காதவர்களிடமும் பரிவை ஏற்படுத்தியது. 1932 கோடையில், காசில்டனுக்கு அருகிலுள்ள வின்னட்ஸ் கணவாயில் நடைப்பயணச் சங்கங்கள் நடத்திய கூட்டத்தில் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஷெஃபீல்டைச் சேர்ந்த சுமார் 200 பேர் ஏபி புரூக் பள்ளத்தாக்கில் மற்றொரு கூட்டு அத்துமீறலை நடத்தினர். இம்முறை எவரும் கைது செய்யப்படவில்லை. 1935 இல் நடைப்பயணச் சங்கங்கள் ஒன்றிணைந்து நாடளாவிய நடைப்பயணிகள் சங்கத்தை உருவாக்கின.

சட்ட மாற்றங்கள்

அத்துமீறலைத் தொடர்ந்து சட்டம் உடனே மாறிவிடவில்லை. 1939 இல் மலைகளுக்கான அணுகல் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆனால் நாடாளுமன்றத்தில் அது பெரிதும் நீர்த்துப்போனது. சில சூழல்களில் அத்துமீறலையே குற்றமாக்கும் பிரிவும் அதில் சேர்க்கப்பட்டதால் நடைப்பயணிகள் ஏமாற்றமடைந்தனர். இச்சட்டம் பயன்பாட்டுக்கு வராமலேயே பின்னர் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1949 இல் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுகல் சட்டம் நிறைவேறியது. இதன்படி 1951 இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1950களில் நில உரிமையாளர்களுடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களின் மூலம் கிண்டர் ஸ்கௌட் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை வரை செல்லும் பென்னைன் நெடும்பாதை 1965 ஏப்ரல் 24 இல் திறந்துவைக்கப்பட்டது. இப்பாதையை 1935 இல் முன்மொழிந்தவர் இதழாளர் டாம் ஸ்டீபன்சன் ஆவார்.

ஒப்பந்தம் எதுவுமின்றியே திறந்த நிலத்தில் நடக்கும் உரிமை, 2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டத்தின் மூலமே கிடைத்தது. மலை, மேட்டுநிலம், புதர்நிலம், பதிவு செய்யப்பட்ட பொது மேய்ச்சல் நிலம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். இவ்வுரிமை இங்கிலாந்தில் 2004 செப்டம்பர் முதல் 2005 அக்டோபர் வரை பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 விழுக்காடு இதன்கீழ் அடங்குகிறது. காட்டுநிலங்களும் ஆற்றங்கரைகளும் பெரும்பாலும் இதில் சேரவில்லை.

முகாமிடும் உரிமை

2000 ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பதற்கான உரிமையை மட்டுமே வழங்குகிறது. இச்சட்டத்தின்கீழ் திறக்கப்பட்ட நிலத்தில் நில உரிமையாளரின் அனுமதியின்றிக் கூடாரமிட்டு இரவு தங்குவதற்கு உரிமை இல்லை. ஆகவே கிண்டர் ஸ்கௌட்டில் பகல் முழுவதும் எங்கும் நடக்கலாம் எனினும், முகாமிடுவோர் அடிவாரத்தில் உள்ள முகாம் திடல்களையே பயன்படுத்த வேண்டும். கோடையில் காய்ந்த கரிமண்ணில் தீப்பற்றினால் அது மண்ணுக்கடியில் பல நாட்கள் புகைந்து பரவக்கூடும் என்பதால், மேட்டுநிலத்தில் தீ மூட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது.

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறானது. 2003 ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் பயணிகள் பெரும்பாலான திறந்த நிலங்களில் சிறு கூடாரமிட்டுத் தங்குவதற்கும் இடமளிக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கு விதிவிலக்கு, தென்மேற்கே உள்ள டார்ட்மூர் மேட்டுநிலமாகும். அங்குள்ள பொது மேய்ச்சல் நிலங்களில் கூடாரமிடும் வழக்கம் நீண்டகாலமாக இருந்துவந்தது. நில உரிமையாளர் தொடுத்த வழக்கில், அவ்வாறு தங்க உரிமை இல்லை என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் டார்ட்மூரில் ஒன்றுகூடி நடந்தனர். 2023 சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025 மே மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும், 1985 ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம் தரும் உரிமையில் கூடாரமிட்டுத் தங்குவதும் அடங்கும் என்று உறுதி செய்தது.

மதிப்பீடுகள்

அத்துமீறலின் பங்களிப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உள்ளது. தொழிற்கட்சி அரசியலாளரும் எழுத்தாளருமான ராய் ஹாட்டர்ஸ்லி, இதனைப் பிரிட்டானிய வரலாற்றில் மிகவும் வெற்றிபெற்ற நேரடிச் செயற்பாடு என மதிப்பிட்டார். மாறாக, நடைப்பயணிகள் சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றிய டாம் ஸ்டீபன்சன், நிலங்கள் திறக்கப்பட்டமைக்கு அத்துமீறலின் பங்கு மிகச் சிறியது என்று எழுதினார். 1876 முதல் சட்ட வழியில் உழைத்த சங்கங்களின் பணி இந்நிகழ்வின் புகழால் மறைக்கப்பட்டுவிட்டது என்பது இத்தரப்பினரின் குறையாகும். நிகழ்வைவிட, அதற்கு அளிக்கப்பட்ட தண்டனையே மக்களின் கவனத்தை ஈர்த்தது என்பதில் இரு தரப்பினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

நினைவுகூரல்

ஈவன் மெக்கால் இந்நிகழ்வைத் தொடர்ந்து 1932 இல் இயற்றிய மான்செஸ்டர் நடைப்பயணி என்னும் பாடல், பிரிட்டானிய நடைப்பயணிகளிடையே இன்றும் பாடப்படுகிறது. நிகழ்வின் 50 ஆவது ஆண்டான 1982 இல் பௌடன் பிரிட்ஜ் கற்சுரங்கத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசிய அறக்கட்டளை கிண்டர் ஸ்கௌட் நிலத்தை விலைக்கு வாங்கியது. ரோத்மன் எழுதிய நினைவுக் குறிப்பு நூலும் அவ்வாண்டிலேயே வெளியானது. 2009 இல் கிண்டர் ஸ்கௌட் தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

2002 ஏப்ரலில் நடைபெற்ற 70 ஆவது ஆண்டு நிறைவு விழாவில் 11 ஆவது டெவன்ஷயர் கோமகன் ஆண்ட்ரூ கேவண்டிஷ் கலந்துகொண்டார். 1932 இல் நடைப்பயணிகளைத் தடுத்த வேட்டைக்காவலர்களுட் பலர் இவருடைய பாட்டனாரின் பணியாளர்கள் ஆவர். தமது குடும்பத்தின் அன்றைய செயல் பெருந்தவறு என்று கூறி, அவர் பொதுமக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். பென்னி ரோத்மன் அவ்விழாவைக் காண உயிருடன் இல்லை. அவர் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2002 சனவரியில், தமது 90 ஆவது வயதில் காலமானார்.

இவற்றையும் பார்க்க

பீக் மாவட்டத் தேசியப் பூங்கா
பென்னைன் நெடும்பாதை
நடைப்பயணம்
கூடாரமிடல்
வழியுரிமை